பேச்சு புரியவில்லை, அதிர்வு தாங்கவில்லை: இரண்டும் ஒரே புகார்தான்

(சங்கத்தின் காலாண்டு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். காபி ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன். ஹோம் தியேட்டர் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் குடியிருப்பில் ஒருவர் காலை நடையின்போது என்னிடம் சொன்னார்: "சார், இவ்வளவு செலவு பண்ணி செட் வாங்கிப் போட்டேன். படத்தில் பேசுவது ஒரு வார்த்தை புரியவில்லை. டிவியில் இருந்த ஸ்பீக்கரே தேவலை." அதே வாரம் அவருக்கு நேர் கீழ் வீட்டிலிருந்து சங்கத்தின் புகார் நோட்டில் எழுதியிருந்தார்கள்: இரவு பத்தரை மணிக்கு மேல் மாடியிலிருந்து டம் டம் என்று அதிர்கிறது, குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது. ஒருவருக்குக் கேட்கவில்லை, இன்னொருவருக்குக் கேட்டுத் தொலைக்கிறது. இருவரும் சொன்னது ஒரே பெட்டியைப் பற்றித்தான். இரண்டு வீட்டாரிடமும் கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன். ஃபிளாட் நம்பர் கேட்காதீர்கள்.

பேச்சு புரியாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ரிமோட்டை எடுத்து ஏற்றுகிறோம். பேச்சு மட்டுமா ஏறுகிறது? பின்னணி இசை, சண்டைக் காட்சி, குண்டு வெடிப்பது எல்லாம் சேர்ந்து ஏறுகிறது. அந்த அதிர்வுதான் சுவர் தாண்டிப் போகிறது. ஆகவே பேச்சைச் சரிசெய்துவிட்டால் வால்யூம் தானாகக் குறையும், கீழ் வீட்டுக் குழந்தையும் தூங்கும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கான வழி.

நான் எஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். சாயங்காலம் ரொக்கம் ஒத்துவராவிட்டால் வங்கியில் யாரும் உடனே பணம் போய்விட்டது என்று கத்தமாட்டார்கள். ஸ்க்ரோலையும் வவுச்சரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டு வருவோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ 540-ஐ 450 என்று எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவோம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஹோம் தியேட்டருக்கும் இந்த முறையே போதும். நான் பார்த்தவரை பெட்டி கெட்டுப்போனது அபூர்வம். வைத்த இடமோ, ஒயரோ, மெனுவில் ஒரு வரியோதான் தப்பாக இருக்கும்.

5.1 என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் இடது, வலது, நடு என்று மூன்று ஸ்பீக்கர். பக்கவாட்டில் சற்றுப் பின்னால் தள்ளி இரண்டு. ஆக ஐந்து. அந்தப் புள்ளி ஒன்று, சப்-வூஃபர் என்கிற அடித்தொனிப் பெட்டி. இதில் ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. சினிமாவில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு புரியவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது நடு ஸ்பீக்கர்.

நம் வீடுகளில் அந்த நடு ஸ்பீக்கருக்கு நடக்கிற கொடுமை சொல்லி மாளாது. டிவி யூனிட்டின் உள் தட்டில், கொலு பொம்மைப் பெட்டிக்கும் இன்வெர்ட்டர் பில் ஃபைலுக்கும் நடுவே ஒரு அடி உள்ளே தள்ளி வைத்திருப்பார்கள். முன்னால் கண்ணாடிக் கதவு வேறு. பேச்சு அங்கேயே முட்டி மோதி மங்கிப் போகும். கதவைத் திறந்து வையுங்கள், முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்பு வரைக்கும் இழுத்து வையுங்கள். டிவிக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் இருந்தால், முன்பக்கத்தில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, முகம் சற்று மேலே பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்த்து அது பேசவேண்டும். இந்த வேலைக்குச் செலவு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

அடுத்தது ரிசீவரின் மெனு. அதில் ஸ்பீக்கர் செட்டப் என்று ஒரு பகுதி இருக்கும். நடு ஸ்பீக்கர் உண்டா, இல்லையா என்று அதில் ஒரு வரி. உங்களிடம் நடு ஸ்பீக்கர் இல்லாமல், அல்லது அதன் ஒயர் கழன்றிருந்து, மெனுவில் உண்டு என்று இருந்தால் என்ன ஆகும்? ரிசீவர் வசனத்தை எல்லாம் இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பாட்டு கேட்கும், மழை கேட்கும், ஆள் வாய் அசைப்பது மட்டும் தெரியும். நடு ஸ்பீக்கர் இல்லாதவர்கள் அந்த வரியில் இல்லை என்று மாற்றிவிட்டால், வசனம் இடது வலது இரண்டிலும் பிரிந்து வந்துவிடும்.

அதே மெனுவில் டெஸ்ட் டோன் என்று இருக்கும். அதை அமுக்கினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஸ்ஸ் என்று ஒரு இரைச்சல் வரும். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திரையில் இடது என்று காட்டும்போது சத்தம் வலதிலிருந்து வந்தால் ஒயர் மாறியிருக்கிறது. ஒன்றில் மட்டும் சத்தமே இல்லை என்றால் அந்த ஒயரைப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவில் கேட்கவேண்டும். பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டி வையுங்கள். நம் வயதுக்காரர்களுக்கு இந்த ஒரு மாற்றம் போதும், பாதி வசனம் திரும்பி வந்துவிடும்.

வயது என்று சொன்னதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். அறுபதுக்கு மேல் முதலில் குறைவது கீச்சொலி கேட்கிற திறன்தான். பேச்சில் ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் சத்தம் நன்றாகக் கேட்கிறது, சொல் மட்டும் புரியவில்லை என்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் மற்றவர்களுக்குப் புரிந்து உங்களுக்கு மட்டும் புரியவில்லை என்றால் புது ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள். ஸ்பீக்கரைவிட அது மலிவு.

அடுத்து, சினிமா ஒலியைத் தியேட்டருக்காகக் கலக்கிறார்கள். முணுமுணுப்புக்கும் வெடிச் சத்தத்துக்கும் இடையே பெரிய இடைவெளி வைத்திருப்பார்கள். ஹாலில் அது சரிப்படாது. இதற்காகவே ரிசீவரில் நைட் மோடு, டி.ஆர்.சி. என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டால் மெல்லிய சத்தம் உயரும், பெரிய சத்தம் தாழும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் படம் பார்க்கிறவர்கள் அவசியம் போடுங்கள். ஒலிச்சுவை போய்விடும் என்று என் மருமகன் போன்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். போகட்டும், பகலில் எடுத்துவிடலாம்.

இனி சப்-வூஃபர். புகார் நோட்டுக்குக் காரணமான ஆசாமி.

40 ஹெர்ட்ஸ் அடித்தொனியின் ஒரு அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். நம் ஹாலைவிடப் பெரியது. மனிதக் குரலில் 1000 ஹெர்ட்ஸ் பகுதியை எடுத்தால் அலை ஒரு அடிக்குச் சற்று மேல்தான். நாலரை அங்குலச் சுவர் குரலைப் பெருமளவு தடுத்துவிடும், அடித்தொனியைத் தடுக்காது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு வசனம் ஒன்றும் கேட்பதில்லை, டம் டம் மட்டும் கேட்கிறது. உங்கள் வீட்டில் சாதாரணமாகத் தெரிவது அவர் வீட்டில் சுவரே துடிப்பதுபோல் இருக்கும். அவர் மிகைப்படுத்தவில்லை.

பெட்டியை அறை மூலையில் வைத்தால் அடித்தொனி பெருகும். கடைக்காரர்கள் மூலையில்தான் வைத்துவிட்டுப் போவார்கள், இடம் அடைக்காது என்று. அந்த மூலை பக்கத்து ஃபிளாட்டோடு சேர்ந்த சுவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு நல்ல செய்தி: சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் சப்-வூஃபர் டிவி பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. பொதுச் சுவரிலிருந்து தள்ளி, சோபாவுக்கு அருகில் வையுங்கள். அருகில் இருந்தால் குறைந்த அளவிலேயே உங்களுக்குப் போதும்.

நல்ல இடம் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. சப்-வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேல் வையுங்கள். அடித்தொனி அதிகமுள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பெட்டி வைக்கத் தோதான இடங்களிலெல்லாம் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் இரைச்சல் இல்லாமல் சீராகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்கும். மூட்டு வலி உள்ளவர்கள் பேரனைத் தவழச் சொல்லுங்கள், அவன் சந்தோஷமாகச் செய்வான்.

பெட்டிக்கு அடியில் கனமான ரப்பர் பாய் ஒன்று போடுங்கள். தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போகிற அதிர்வு ஓரளவு குறையும். காற்று வழியாகப் போவது இதனால் நிற்காது, ஆகவே பாய் போட்டாயிற்று என்று வால்யூமை ஏற்றவேண்டாம். சப்-வூஃபரின் பின்னால் லெவல் என்று ஒரு திருகு இருக்கும். அதைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. சட்டம் பேசி அண்டை வீட்டாரை மிரட்டச் சொல்லவில்லை. புகார் வந்தால் கோபப்படாமல் ஒரு நாள் அவர் வீட்டில் போய் உட்கார்ந்து, உங்கள் வீட்டில் படத்தை ஓடவிட்டுக் கேட்டுப்பாருங்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன நண்பர் அப்படித்தான் செய்தார். ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டார். நடு ஸ்பீக்கரை வெளியே இழுத்து, 3 டெசிபல் கூட்டி, சப்-வூஃபரை மூலையிலிருந்து எடுத்தோம். முன்பு வால்யூம் 52-ல் வைத்துப் பார்த்தவர் இப்போது 38-ல் பார்க்கிறார்.

ஒயர் விஷயத்தில் ஒன்றே ஒன்று முக்கியம். ஸ்பீக்கரிலும் ரிசீவரிலும் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு முனை. ஒயரில் ஒரு பக்கம் கோடோ வேறு நிறமோ இருக்கும். சிவப்பு சிவப்புக்கே போகவேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். அடித்தொனி மெலியும், குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க மிதக்கும். சுவருக்குள் குழாயில் போன பழைய ஒயரில் எது எது என்று தெரியாவிட்டால், ரிசீவர் பக்கத்தில் ஒயரைக் கழற்றிவிட்டு, சாதாரண ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை அந்த முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு. உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. தனி ஸ்பீக்கர்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. சவுண்டு பாரிலோ பவர் ஒயர் உள்ள பெட்டியிலோ செய்யாதீர்கள். முனைகளில் ஒரு செம்பு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடக்கூடாது. ரிசீவர் நன்றாகப் பாடிக்கொண்டிருந்து திடீரென்று தானே அணைந்தால் பலசமயம் அந்த ஒற்றை இழைதான் காரணம். இன்னொரு காரணம் சூடு. ரிசீவர் தலையில் செட்டாப் பாக்ஸை ஏற்றி வைக்காதீர்கள்.

"பின் ஸ்பீக்கர் பாடவே இல்லை" என்பது நான் அதிகம் கேட்கும் புகார். பாதி வீடுகளில் அது பழுதே இல்லை. 5.1 ஒலி டால்பி டிஜிட்டல் என்ற பெயரில் தியேட்டருக்கு வந்ததே 1992-ல்தான். கறுப்பு வெள்ளைப் படங்களின் ஒலிப்பதிவு ஒற்றை வழி. அதில் பின் ஸ்பீக்கருக்கு ஒன்றும் கிடையாது. யூடியூபில் பெரும்பாலும் இரண்டு வழி ஒலிதான். ஓ.டி.டி.யில் படம் ஓடும்போது ஆடியோ பட்டியலைத் திறந்து பாருங்கள், தமிழ் என்றும் தமிழ் 5.1 என்றும் இரண்டு இருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படித் தேர்ந்தெடுத்தும் வரவில்லை என்றால் டிவியைச் சந்தேகப்படுங்கள். டிவியிலிருந்து ரிசீவருக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. ஒயர், ஏ.ஆர்.சி. அல்லது இ-ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில்தான் செருகியிருக்கவேண்டும், இரண்டு பக்கமும். மற்றத் துளைகள் ஒலியைத் திருப்பி அனுப்பாது. பிறகு டிவியின் ஒலி மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்ற வரி. அது பி.சி.எம். என்று இருந்தால் ஏ.ஆர்.சி. வழியாக இரண்டு வழி ஒலிதான் போகும். பிட்ஸ்ட்ரீம், ஆட்டோ அல்லது பாஸ்-த்ரூ என்று மாற்றுங்கள். சி.இ.சி. என்கிற வசதியும் ஆன் ஆகியிருக்கவேண்டும். ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். எல்லாம் ஒன்றுதான். இத்தனையும் சரியாக இருந்து சத்தமே வராவிட்டால் டிவி, ரிசீவர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். என்னவோ சிபாரிசு வைத்தியம்போல் தோன்றும், ஆனால் இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று மறுபடி அடையாளம் கண்டுகொள்ள இது உதவுகிறது.

பின் ஸ்பீக்கர்கள் இருக்கவேண்டிய இடம் உங்கள் காதுக்கு நேர் பக்கத்திலிருந்து சற்றுப் பின்னால். கணக்காகச் சொன்னால், முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது 100 முதல் 120 டிகிரிக்குள். சோபா சுவரோடு ஒட்டியிருப்பதால் பின்னால் இடமில்லை என்று ஐந்தையும் டிவியைச் சுற்றியே அடுக்கியிருக்கும் வீடுகள் நம்மில் நாலைந்து உண்டு. அதற்கு இரண்டு நல்ல ஸ்பீக்கரே போதுமே. சோபாவின் இரு பக்கமும் சுவரில், காதுக்கு ஒரு அடி மேலே மாட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உங்கள் காதுக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து மெனுவில் எழுதுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 3 மில்லி செகண்ட் ஆகிறது. அருகில் இருக்கும் ஸ்பீக்கரை ரிசீவர் அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி, எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி செய்யும். மைக் கொடுத்திருக்கும் ரிசீவர்கள் இதைத் தாமே அளந்துகொள்ளும். அளக்கும்போது ஃபேனை அணைத்துவிடுங்கள், மிக்சி ஓடக்கூடாது.

உதடு ஒரு நேரம் குரல் ஒரு நேரம் என்று வந்தால், குரல் முந்துகிறதா பிந்துகிறதா என்று பாருங்கள். முந்தினால் மெனுவில் ஆடியோ டிலே என்பதை ஏற்றிக்கொண்டே போங்கள், சரியாகிவிடும். பிந்தினால் அந்த எண்ணைச் சுழியத்துக்கு இறக்குங்கள். புளூடூத்தில் இணைத்திருந்தால் ஒயருக்கு மாறுங்கள். எதிரொலிபோல் கேட்டால் டிவியின் சொந்த ஸ்பீக்கரும் சேர்ந்து பாடுகிறது, அதை அணைக்கவேண்டும்.

கடைசியாக உம்ம்ம் என்று ஒரு முனகல். ஒன்றும் ஓடாதபோதும் கேட்கும். இது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால், அந்த ஒயர் வழியாக இன்னொரு எர்த் வந்து சேர்கிறது என்று அர்த்தம். கேபிள் ஒயரில் போட ஐசொலேட்டர் என்று சின்னதாக ஒன்று கிடைக்கிறது. டிவி, ரிசீவர், சப்-வூஃபர் மூன்றையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எடுத்தாலும் பலசமயம் போய்விடும். ஆனால் சிலர் இதற்கு மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு, பார்த்தீர்களா நின்றுவிட்டது என்பார்கள். நின்றுவிடும்தான். எங்காவது கசிவு ஏற்பட்டால் ரிசீவரின் உலோக உடம்பில் மின்சாரம் நிற்கும். அதைத் தொடப்போவது வீட்டில் துடைக்க வருகிற அம்மாவோ குழந்தையோ. யார் வீட்டிலாவது அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பிளக்கை மாற்றிவிடுங்கள். முனகலோடு படம் பார்க்கலாம்.

டேப்பும் பேட்டரியும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வேண்டியவர்கள் கூப்பிடுங்கள். வருவதற்கு முன்னால் ரிசீவரின் பின்பக்கத்தை, ஒயரைத் தொடாமல், செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.